வேதநாயகத்தின் மழைத் தண்ணீர்

எங்கள் பள்ளி ஆய்வகப் பணியாளர் வேதநாயகம் பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிகம். 1959-இல் நான் இராமநாதபுரத்துக்கு அறிவியல் ஆசிரியராகப் போனபோது அவர் என்னிடம் முதலில் சொன்னதே, "அசதியா இருக்கு சார்" என்பதுதான். எனக்கு எரிச்சலாக வந்தது.

பங்குனியில் கல்வி அதிகாரி வருவதாகத் தகவல். ஆய்வகம் அவருக்குப் பிடித்துவிட்டால் வேதநாயகத்தை நிரந்தரமாக்க எழுதுவார் என்றார் தலைமை ஆசிரியர். நான் அமிலச் சோதனையைத் தேர்ந்தெடுத்தேன். வெறும் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுத்தால் பல்பு எரியாது. அமிலத்தை ஊற்றினால் அது அயனிகளாகப் பிரிந்து மின்சாரத்தைக் கடத்தும், பல்பு எரியும்.

ஒத்திகையில் அமிலம் ஊற்றும் முன்பே பல்பு எரிந்து தொலைத்தது.

"பீக்கரைக் கழுவினீங்களா இல்லையா?" என்று கத்தினேன்.

"கழுவுனேன் சார். நம்ம கிணத்துத் தண்ணி கரிக்குமே. அதுல உப்பு ஏற்கெனவே பிரிஞ்சுதான கெடக்கு" என்றார். பன்னிரண்டு வருஷம் இந்தப் பாடத்தைக் கேட்டவர். எனக்குத்தான் தோன்றவில்லை.

மதுரையிலிருந்து வர வேண்டிய காய்ச்சி வடித்த தண்ணீர் வரவில்லை. ஊருணியும் வறண்டுவிட்டது. வேதநாயகம் வீட்டில் கார்த்திகை மழையைப் பிடித்து வைத்த சாடி இருப்பது எனக்குத் தெரியும். அவர் மனைவி யாகப்பம்மாள் சிறுநீரகம் கெட்டு, கால் வீங்கிப் படுத்திருந்தார். உப்புத் தண்ணீரே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அந்தச் சாடித் தண்ணீர்தான் அந்த அம்மாளுக்குக் குடிக்க. தெரிந்தும் கேட்டேன். வேதநாயகத்தின் வேலைக்காகத்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். "சாடியில கடைசி சார். இனிமே மழை பேஞ்சாத்தான்."

சோதனை பிசகவில்லை. மழைத் தண்ணீரில் பல்பு எரியவில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் பளிச்சென்று எரிந்தது. இன்னொரு பீக்கரில் வினிகர் விட்டேன். அது கொஞ்சமே பிரியும், அதனால் மங்கலாக எரிந்தது. அதிகாரி தலையாட்டினார், காப்பி குடித்தார், வேதநாயகத்தின் பெயரைக்கூடக் கேட்காமல் ஜீப்பில் ஏறிப் போனார்.

வேதநாயகம் அமில பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், இதுல காஸ்டிக் சோடாவை அளவா ஊத்துனா அமிலம் போயிருமா?"

எனக்கு வாத்தியார் பெருமை. "போயிடும். ரெண்டும் சேர்ந்து தண்ணியும் உப்பும் ஆயிடும்."

"உப்பா?"

"ஆமா, சாப்பாட்டு உப்புதான். நம்ம கிணத்துத் தண்ணி மாதிரி."

சொன்ன பிறகுதான் அவர் ஏன் கேட்டார் என்பது உறைத்தது. வெட்கத்தில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் இரண்டு பீக்கர்களையும் தொட்டியில் கொட்டிக் கழுவி வைத்தார். காலி பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டார்.

"வாரேன் சார். வாசல்ல நுழைஞ்சதும் அவ பாட்டிலைத்தான் பாப்பா."