கன்னி மூலையில் குழாய் இல்லை

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுத வந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது.

பெருந்துறையில் ஒரு வீட்டுக்கு மேல்தளக் கான்கிரீட் போடும் நாள். நான் சூப்பர்வைசர். ஏழரையோடு நல்ல நேரம் முடிகிறது என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார். கடைசியாக ஒருமுறை கம்பிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தென்மேற்கில், கன்னி மூலைப் படுக்கையறைக்கு மேல் மின்சாரக் குழாயே பதிக்கவில்லை! அங்கிருந்துதான் ஆரம்பிப்பதாக இருந்தது. போட்டுவிட்டால் பிறகு புதுத் தளத்தைக் கொத்த வேண்டும்.

“நிறுத்துங்க!” கத்தியது நானா என்று எனக்கே சந்தேகம்.

“அண்ணன் வாயத் தொறந்துட்டாருங்க, இன்னிக்கு மழதான்!” என்றார் சட்டி தூக்கும் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

“ஏனுங்க, நல்ல நேரம் போயிருமுங்க,” என்றார் வீட்டுக்காரர்.

“போகாதுங்க. எதுத்தாப்புல ஈசானி மூலையில ஆரம்பிச்சுக்கலாமுங்க. இங்க வர்றதுக்குள்ள குழாய் போட்டுறலாமுங்க.”

ஏழு இருபதுக்கு முதல் சட்டி விழுந்தது. எலக்ட்ரீசியன் குழாய்களோடு ஏணியில் ஓடி ஏறினார். கடைசிக் குழாயைக் கம்பியோடு கட்டி அவர் எழுந்தபோது கான்கிரீட் நாலடி தூரத்தில் வந்திருந்தது. என்னையறியாமல் கை தட்டிவிட்டேன்.

மறுநாள் காலை, கான்கிரீட் வெடிக்காமல் இறுக, தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினேன்.