தானே மூடிக்கொள்ளும் கதவு

ஆனந்தவல்லிக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் உலகத்தில் குறைவு. கூட்டுறவுச் சங்கத்தில் உர மூட்டைக்கு வரிசையில் நிற்கும்போது யாராவது செயலாளரைத் திட்டினால், "அவரைத் திட்டி என்னங்க ஆவப்போவுது? உரம் ஏத்துன கப்பல் ஆப்பிரிக்காவைச் சுத்திக்கிட்டு வருது" என்பார். செங்கடலில் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வரிசை பாதி நகர்ந்திருக்கும். வயலுக்கு மருந்தடிக்க முதல்முறை ட்ரோன் வந்தபோது ஊரே வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தது. அவரோ, "இதே மிஷினுதான் சண்டை நடக்கற நாட்டுல வீட்டு மேல குண்டு போடுது. மிஷின் மேல தப்பில்ல, அனுப்புறவன் யாருன்னுதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஏக்கருக்கு எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று ஓட்டுபவரிடம் விசாரிக்கப் போனார். ஊரில் அவருக்கு ஐ.நா. சபை என்று பெயர். அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

கோரையாறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால், முத்துப்பேட்டைப் பக்கம், கடைமடையில் இருக்கிறது கீழநாணச்சேரி. அந்த ஊருக்கு மருமகளாக வந்த ஆனந்தவல்லி எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கணவர் சிங்காரவேலு பதினாறு வருஷம் குவைத்தில் லாரி ஓட்டினார். 2003-இல் ஈராக் போர் தொடங்கிய வாரம் குவைத்துக்கு லைனே கிடைக்கவில்லை. அங்கே ஏவுகணை விழுகிறது என்று டிவியில் சொன்னார்கள். சண்டை நடக்கிற இடத்துக்கும் குவைத்துக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் சொல்ல ஊரில் ஆளில்லை. ஆனந்தவல்லி மன்னார்குடிக்குப் பஸ் ஏறி, பள்ளிக்கூடத்தில் மாட்டுகிற உலகப்படம் ஒன்றை வாங்கிவந்து சுவரில் ஒட்டினார். விரலை வைத்துப் பார்த்தார். கணவர் இருந்த இடம் எல்லையிலிருந்து நகக்கண் அளவுகூட இல்லை.

ஐந்தாம் நாள் போன் வந்தது. "ஒண்ணும் இல்ல ஆனந்தி, பயப்படாத" என்றார் சிங்காரவேலு.

"பயப்படறது இருக்கட்டுங்க. பஸ்ரா பக்கம் லோடு ஏத்தச் சொன்னா மாட்டேன்னு சொல்லிடுங்க."

கீழநாணச்சேரியில் இருப்பவருக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ஈராக்கில் இருக்கும் பஸ்ராவின் பெயர் எப்படித் தெரியும் என்று சிங்காரவேலுவுக்கு விளங்கவில்லை. அடுத்த வாரமே கம்பெனியில் அப்படி ஒரு லோடுக்கு ஆள் கேட்டார்கள். மனைவி சொன்னபடி அவர் மறுத்துவிட்டார். இன்றைக்கும் அதை விருந்தாளிகளிடம் சொல்லுவார். உலகச் செய்தி என்பது யாருக்கோ நடக்கும் கதை இல்லை, நம் வீட்டு உலையில் வந்து விழுகிற சமாச்சாரம் என்று ஆனந்தவல்லி எடுத்த முடிவும் அப்போது வந்ததுதான்.

கணவர் ஊரில் இல்லாத அத்தனை வருஷமும் நாலு ஏக்கரில் விவசாயம் பார்த்தது அவர்தான். அந்த ஊர் மண்ணுக்கு எதிரி உப்பு. ஆற்றில் நல்ல தண்ணீர் வரத்து குறைந்தால், கடல் பொங்கி ஓதம் ஏறுகிற நேரத்தில் உப்புத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வயல்வரைக்கும் வந்துவிடும். அது தெரியாமல் மடை திறந்தால் நாற்று கருகிப்போகும். கஜா புயல் வந்துபோன பிறகு வேளாண் அலுவலர் ஒருவர் விவசாயிகளுக்குப் பேனா மாதிரி ஒரு கருவியைக் கொடுத்தார். தண்ணீரில் முக்கினால் உப்பின் அளவை எண்ணாகக் காட்டும். மற்றவர்கள் அதை வாங்கிப் பரணில் போட்டார்கள். ஆனந்தவல்லி தினமும் காலையில் வாய்க்காலில் முக்கி, நோட்டில் எழுதி, பக்கத்து ஊர்ப் பெண்கள் பதினொரு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எண் இரண்டைத் தாண்டினால் அன்று யாரும் மடை திறப்பதில்லை. ஆறு வருஷம் ஒரு நாள் விடாமல் எழுதினார். "வாய்க்குத் தெரியற உப்பு லேட்டா வர்ற சேதி. அதுக்குள்ள வேர் செத்துப்போவும். விஞ்ஞானம்னா என்ன, நாக்கை நம்பாம எண்ணை நம்பறதுதான்" என்பது அவர் கட்சி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கடைமடை விவசாயிகள் ஆறு பேரை வியட்நாமுக்கு அழைத்துப்போக ஒரு தொண்டு நிறுவனம் ஏற்பாடு செய்தது. மீகாங் ஆறு கடலில் கலக்கும் இடத்திலும் நெல்தான், அங்கேயும் உப்புதான். விவசாயிகள் சங்கத் தலைவர் ராஜசேகர் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார். கடைசியாக ஆனந்தவல்லியைத் தேடி வந்தார்.

"ஒரு பொம்பள பேரும் இருக்கணும்ங்கறாங்கம்மா. நீங்க வாங்க. ஒண்ணும் பேச வேண்டியதில்ல, நாங்க பாத்துக்கறோம்."

"பேச வேண்டியதில்லைன்னா போட்டோவை அனுப்பிடலாமேண்ணே" என்றார் ஆனந்தவல்லி. ஆனாலும் அன்றைக்கே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டார். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், "வேலைக்காம்மா போறீங்க?" என்று கேட்டார். "இல்லைங்க, ஒரு ஆத்தைப் பாக்கப் போறேன்" என்றார். போலீஸ்காரர் எதை எழுதுவது என்று யோசித்து, கடைசியில் சுற்றுலா என்று எழுதிக்கொண்டு போனார்.

சிங்காரவேலு பெட்டி கட்டிக் கொடுத்தார். "பதினாறு வருஷத்துல நான் பாத்தது ரோடும் மணலும்தான். நீயாவது ஊரைப் பாத்துட்டு வா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஏக்கம் இல்லை. வீட்டிலிருந்து ஒருவர் பார்ப்பதற்காகவே வெளிநாடு போகிறார் என்பதில் அவருக்கு ஒரு நிமிர்வு இருந்தது.

அங்கே அவர்கள் தங்கிய ஊர் முழுக்க வாய்க்கால். மார்ச் மாதம். ஆற்றில் தண்ணீர் இருந்தும் அத்தனையும் உப்பு. இரண்டாம் நாள் ஊர்ப் பொதுமண்டபத்தில் கூட்டம். ராஜசேகர் கல்லணையின் பழமையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். குழுவுடன் வந்திருந்த கவிப்ரியா திருவாரூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவர். அவர் அதை ஆங்கிலத்தில் சொல்ல, அங்கிருந்த இன்னொருவர் வியட்நாம் மொழியில் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு லான் என்ற விவசாயப் பெண்மணி எழுந்தார். ஐம்பது வயது இருக்கும், முழங்கைவரை வெயிலில் கறுத்த கை. "எங்களுக்கு மேலே ஆறு நான்கைந்து நாடுகள் வழியாக வருகிறது. எல்லாரும் அணை கட்டுகிறார்கள். உங்கள் ஊரில் மேலே இருப்பவர்கள் தண்ணீரை நிறுத்தினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

"போராடுவோம்" என்றார் ராஜசேகர்.

லான் அதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "நாங்கள் யாருடைய வாசலில் போய்ப் போராடுவது?"

ஆனந்தவல்லி எழுந்து நின்றார். ராஜசேகர் திரும்பிப் பார்த்ததை அவர் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்.

"கவிப்ரியா, நான் சொல்றதை அப்படியே சொல்லும்மா. எங்களுக்கு மேலயும் அணை இருக்கு. ஆனா ஒரே நாடு. கோர்ட்டு இருக்கு, ஆணையம் இருக்கு. உங்களுக்கு அது இல்ல. நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவுல ஆறு ஓடினா பெரிய நாடு சொல்றதுதான் சட்டம். எங்க நாடும் அதுல யோக்கியம்னு நான் சொல்ல மாட்டேன். எங்களுக்குக் கீழ இருக்கற நாட்டுக்கு நாங்களும் மேல் மடைக்காரங்கதான்."

ராஜசேகர் நெளிந்தார். கவிப்ரியா ஒரு கணம் தயங்கி, பிறகு அதை அப்படியே சொன்னார். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"நான் மைசூரு டூர் போனப்ப எங்களுக்கு மேல இருக்கற மாண்டியாவுல எறங்கி ஒரு வயக்காட்டுல நின்னு பாத்தேன். அங்க இருந்த அம்மா மோர் குடுத்தாங்க. அவங்களுக்கும் மழை இல்ல, அவங்க நெல்லும் காஞ்சுதான் கெடந்துச்சு. அவங்களைத் திட்ட எனக்கு வாய் வரல. அதனால நான் கேக்கறது ஒண்ணுதான். தண்ணிய கேக்கறதுக்கு முன்னாடி அளவைக் கேளுங்க. இன்னைக்கு எவ்வளவு இருக்கு, எவ்வளவு விட்டாங்க, அது ஒவ்வொரு விவசாயி போனுக்கும் வரணும். அளவு தெரிஞ்சா பாதிச் சண்டை கொறையும். மீதிச் சண்டைக்கு நம்ம கையில ஆதாரம் இருக்கும். நாங்க பன்னெண்டு பொம்பளைங்க உப்பளவை இப்படித்தான் போன்ல பாத்துட்டு மடை தெறக்கறோம்."

சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து உப்புப் பேனாவை எடுத்துக் காட்டினார். லான் சிரித்துவிட்டார். அவரும் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு பேனாவை எடுத்தார். கம்பெனிதான் வேறு, கருவி அதேதான். மண்டபமே சிரித்தது. கூட்டம் முடிந்து இருவரும் வாய்க்கால் படியில் இறங்கி ஆளுக்கொரு பேனாவை முக்கினார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டின. மொழி இல்லாமலே அவர்கள் அதைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள்.

மறுநாள் எல்லாரையும் மிதக்கும் சந்தைக்குக் கூட்டிப்போனார்கள். ஆனந்தவல்லி போகவில்லை. லான் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஒரு மதகுக்குப் போனார், கவிப்ரியா இன்னொரு வண்டியில் பின்னால் வந்தார். மதகில் ஆளே இல்லை. ஓதம் வடிந்து ஆறு தாழும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் தள்ளி, கதவு வெளிப்பக்கம் திறந்தது. ஓதம் ஏறும்போது கடல் தள்ளி அதே கதவு தானாக மூடிக்கொண்டது. கரண்ட் இல்லை, சாவி இல்லை. ஆனந்தவல்லி கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு முழு ஓதம் ஏறி இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை. கதவின் கனம், கீல் இருக்கும் இடம், ஓரத்தில் ஒட்டிய ரப்பர் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுக் கவிப்ரியாவின் நோட்டில் வரைந்துகொண்டார்.

"சந்தையைப் பாக்கலையேன்னு வருத்தமில்லையாம்மா?" என்றார் கவிப்ரியா.

"சந்தையில வாங்கினா ஒரு பைதான் எடுத்துட்டுப் போவலாம்."

ஊருக்கு வந்ததும் வேலை தொடங்கியது. பொதுவாய்க்காலில் தனி ஆள் கதவு வைக்க முடியாது என்றார்கள் அதிகாரிகள். குறைதீர்க்கும் கூட்டத்தில் நான்கு மாதம் நான்கு மனு கொடுத்தார். நான்காவது மனுவோடு ஆறு வருஷத்து உப்பு நோட்டுகளையும் மேஜைமேல் வைத்தார். ஓர் இளம் பொறியாளர் அவற்றை நின்றபடியே புரட்டத் தொடங்கி, பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தார். இப்படிப்பட்ட அளவு எங்கள் அலுவலகத்திலேயே இல்லை என்றார். ஒரே ஒரு வாய்க்காலில் சோதனைக்கு அனுமதி கிடைத்தது.

முத்துப்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மீரா சாகிப் கதவைச் செய்தார். படத்தைப் பார்த்ததும், "இது நம்ம ஊர் ஓதத்துக்குச் சரிவருமா தெரியலியேம்மா, அங்க தண்ணி ஆளு உசரம் ஏறும், இங்க ஒண்ணரை அடிதானே" என்றார். அவர் சந்தேகப்பட்டதுபோலவே ஆயிற்று. மறுவருஷம் கோடையில் மாட்டிய முதல் கதவு கனம். மூடியது, திறக்க மறுத்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கோடை மழை. உள்ளே தண்ணீர் கட்டி, மூன்று பேர் எள்ளு வயல் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தது. வாய்க்கால் கரையில் நின்று ஊர் பேசியது. "வியட்நாம் போயிட்டு வந்து நம்மள முங்க வெச்சிட்டாங்க" என்று காதுபடச் சொன்னார்கள். அன்றைக்கு ஆனந்தவல்லி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கணவரோடு போய்க் கரையை வெட்டித் தண்ணீரை வடித்தார். மூன்று வீட்டுக்கும் போய், "என் தப்புதாங்க, அளவு பாக்காம விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

பிறகு பட்டறையிலேயே பத்து நாள். இரும்புத் தகட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழைப் பலகை வைக்கலாம் என்றார் மீரா சாகிப். படகுக்கு ஒட்டுவார்களே, அது. கனம் மூன்றில் ஒரு பங்கானது. கீலை மேலே ஏற்றினார்கள். ஆடி அமாவாசை ஓதம்தான் அந்தப் பருவத்தில் பெரியது. அன்று பகலில் பாதி ஊர் புதுக் கதவு மாட்டிய மதகுக்கு வந்துவிட்டது. முதலில் தண்ணீர் அசையாமல் நின்றது. பிறகு வெளிப்பக்கம் நுரை ஏறியது. கதவு மெல்ல அசைந்து, சட்டத்தில் போய்ப் பொருந்தியது. வெளியே தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்க, உள்ளே மட்டம் அப்படியே நின்றது. மாலையில் ஓதம் இறங்கியதும் கதவு ஒரு கையகலம் திறந்து உள்தண்ணீரை விட்டது. எள்ளு வயல்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, "திறக்குதும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சிங்காரவேலு அதை வீடியோ எடுத்து லானுக்கு அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் அவரிடமிருந்து பதினேழு பூ எமோஜி வந்தது.

அந்தச் சம்பாவில் அந்த வாய்க்கால் பாசனத்தில் ஒரு குழி நிலத்து நாற்றுகூடக் கருகவில்லை. இப்போது நான்கு ஊர்களில் அந்தக் கதவு இருக்கிறது. புதிதாகக் கேட்டு வருபவர்களிடம் ஆனந்தவல்லி ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். கதவு வாங்குவதற்கு முன்னால் அவரவர் வாய்க்கால் கரையில் ஒரு முழு ஓதம் உட்கார்ந்து பார்க்க வேண்டும், எண்ணை எழுதிக்கொண்டு வர வேண்டும். எழுதாமல் வந்தவர்களை மீரா சாகிப்பும் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

போன மாதம் மேலதிகாரிகள் ஜீப்பில் வந்து பார்த்தார்கள். கதவைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்த ஒருவர், "இது யாரோட டிசைன்?" என்று கேட்டார்.

"பாத்தது வியட்நாம்ல, செஞ்சது முத்துப்பேட்டை மீரா சாகிப் பாய், தப்பாச் செஞ்சு கத்துக்கிட்டது நாங்க" என்றார் ஆனந்தவல்லி. "எழுதறதா இருந்தா மூணையும் எழுதிக்கோங்க சார்."

அதிகாரி எழுதிக்கொண்டார்.