ரேஷன் கார்டில் இருக்கும் பெயர்

நேபாளத்தில் காது கேளாத பிள்ளைகளோடு ஒரு மாதம் தன்னார்வலராக இருந்துவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பினேன்.

இன்று ராசிபுரம் பஸ்ஸில் வீடியோ கால் வந்தது. என்னைத் தங்கவைத்துச் சோறு போட்ட அக்கா, கூட வேலை பார்த்தவர்கள், எல்லோரும் இருந்தார்கள். அக்காவுக்கும் காது கேட்காது. சைகையிலேயே நன்றி சொன்னேன். அழுதும்விட்டேன்.

போனை வைத்ததும் பக்கத்து சீட்டு அம்மா பின்சீட்டுப் பெண்ணிடம் திரும்பினார்.

"பாவமுங்க, ஊமைப் புள்ள. நாமகிரிப்பேட்டைல எங்க நாத்தனா ஊட்லயும் ஒண்ணு இருக்குது. வயசு இருபதாச்சு. வெளியவே உடறதில்லீங்க."

என்னை வைத்துக்கொண்டேதான் சொன்னார்.

"அந்தப் பொண்ணு பேரு என்னங்க?" என்று கேட்டேன்.

அந்த அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் யோசித்துப் பார்த்தார்.

"என்னமோ வெச்சாங்க சாமி. கூப்புட்டா அதுக்குக் கேக்கவா போவுது?"

நேபாளத்தில் போய் இறங்கிய அன்றே அந்தப் பிள்ளைகள் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குக் கன்னத்தில் மச்சம். தங்கள் கன்னத்தில் அதே இடத்தில் விரலால் இரண்டு தட்டு, அதுதான் பெயர். கிளம்பும்வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

நாமகிரிப்பேட்டைக்காரர்கள் யாராவது அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுச் சொல்லுங்கள். ரேஷன் கார்டில் கட்டாயம் இருக்கும். அவள் பங்கு அரிசியை வாங்க வேண்டுமே.