லேப்டாப்புக்குள் ஒரு பழைய பியானோ

மேடையில் கீபோர்ட் வாசிக்கிறவர்களுக்கு விரலுக்கு முன்னால் முதுகுதான் தேயும். பழைய எலக்ட்ரிக் பியானோவை வேனில் ஏற்றி இறக்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இப்போது அதே சத்தம் ஒரு மென்பொருளாக என் லேப்டாப்பில் இருக்கிறது. நிவித்திகலப் பக்கத்துக் கல்யாணங்களில் கிட்டார்காரர் சமன் கூட வர, நான் இரண்டையும் வாசித்துப் பார்த்துவிட்டேன்.

றக்வான வளைவுகள்

றக்வானயில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கல்யாணம். அசல் பியானோவைத்தான் கொண்டுபோனோம். அதற்குள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சுத்தியலும், அது தட்ட ஒரு கம்பியும் இருக்கும். வளைவுகளில் வேன் குலுங்கியதில் ஒரு கம்பி தளர்ந்துவிட்டது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் படிகளில் நாலு பேர் சுமந்து இறக்கிய பிறகுதான் அது தெரிந்தது. கழற்றிப் பார்க்க நேரமில்லை, மாப்பிள்ளை வந்துவிட்டார். அந்தக் கட்டையைத் தொடக்கூடாது என்று நினைக்க நினைக்க விரல் அங்கேயே போனது. பெண்ணின் மாமா பக்கத்தில் வந்து பணிவாகக் கேட்டார்:

"பாட்டு நல்லாத்தான் இருக்குங்க. நடுவுல யாரு தகரத்த தட்டுறது?"

ஆள் எங்கே?

லேப்டாப்போடு போன முதல் கல்யாணத்தில், மேசையில் அதை வைத்துச் சின்னக் கீபோர்டைச் செருகிக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா வந்து எட்டிப் பார்த்தார்.

"பாட்டுப் போட நீங்க வந்துட்டீங்க, சரி. வாசிக்கிற ஆளு எப்ப வருவாரு?"

சுவரைப் பார்த்து நின்ற சமன்

சமன் சிங்களக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் ஐயோ என்பதற்குப் பதில் "அனே" என்பார், தங்கச்சி என்பதற்குப் பதில் என்னை "நங்கி" என்பார். மென்பொருள் என்றாலே அவருக்கு இளக்காரம். அசலுக்குத்தான் உயிர் இருக்கிறது என்று விடாமல் சாதிப்பார். கித்துல்கலயில் ஒரு ஹோட்டலில் வாசிக்கப் போனபோது, இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் இணைத்துவிட்டு அவரைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னேன். முதலில் அசல், அடுத்து லேப்டாப். "ரெண்டாவதுதான் அசல்! அந்த உறுமல் கேக்குதே!" என்று துள்ளினார்.

பழைய கருவியின் உறுமலையும் கட்டைகளின் கடகடப்பையும் மென்பொருளில் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். என் அசலிலோ, பழுது பார்த்த பிறகு அவை போய்விட்டன. திரும்பிப் பார்த்த சமன் முகம் தொங்கிப்போனது.

"அனே நங்கி, அப்ப இவ்வளவு காலமும் நான் ரசிச்சது இரைச்சலையா?"

கரண்ட் போன கோயில்

தோட்டத்து மாதா கோயிலில் ஒரு கல்யாணம். மூலையில், காலால் மிதித்துக் காற்றடிக்கும் பழைய ஆர்கன் ஒன்று கிடந்தது. அது இரைக்கிறது என்பதால், லேப்டாப்பில் ஆர்கன் சத்தத்தை வைத்து வாசித்தேன். மணப்பெண் வாசலில் கால் வைத்தாள். வெளியே இடி. கரண்ட் போய்விட்டது. லேப்டாப்புக்குப் பேட்டரி உண்டு, ஸ்பீக்கருக்கு இல்லையே! பெண் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள், கண் கலங்கியிருந்தது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய் அந்த ஆர்கனில் உட்கார்ந்தேன். துருத்தியின் தோல் கிழிந்து காற்று ஒழுகியதால் இரண்டு மடங்கு மிதிக்க வேண்டியிருந்தது. சத்தம் எழும்பியதும் பெண் நிமிர்ந்தாள், மெதுவாக நடந்து வந்தாள். எனக்கு வேர்த்துக் கொட்டியது, ஆனால் ஒரு சுரமும் தவறவில்லை. பூசை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நான் மெதுவா நடந்தது அழகுக்கு இல்லக்கா, நீங்க மூச்சு வாங்குனத பாத்து பயந்துதான்."

அசலா நகலா என்று இதுவரை எந்தக் கல்யாண வீடும் என்னிடம் கேட்டதில்லை, பந்திக்குச் சோறு வந்து இறங்கும்வரை நிறுத்தாமல் வாசிப்பேனா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறது.