பச்சை அடிக்காத கார்

எங்கள் டிராக்டர் கொட்டகையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பாபநாசத்துக்குப் பக்கத்தில், நாலு தூறல் விழுந்தாலே ஆட்டோக்காரர் வர யோசிக்கிற ரோட்டில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓடுகிற, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய கார் எதற்கு என்று கேட்பார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். என் மனைவியிடம் கேட்டேன். அந்தக் கார் அவளுடையது.

அவள் தஞ்சாவூரில் ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தினாள். நான் விவசாயி. வீட்டில் மோட்டார் ஓடாவிட்டால் அவள் பார்ப்பாள், வயலில் தண்ணீர் ஏறாவிட்டால் நான் பார்ப்பேன். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான். அதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. சொந்தக்காரர்களுக்குத்தான் இருந்தது. "என்னப்பா, ஸ்பேனரை அவகிட்ட குடுத்துட்டு நீ நிக்கிற" என்பார்கள். அவர்கள் வீட்டு மோட்டார் எரிந்துபோனால் மட்டும் அவளைத் தேடிக்கொண்டு வருவார்கள்.

மூடிக்கிடந்த ஒரு ரைஸ் மில்லை இடிக்கிறார்கள், தகரம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டுப் போனோம். கொட்டகைக்குக் கூரை மாற்ற வேண்டியிருந்தது. மில்லுக்குச் சொந்தமான மிராசுதார் குடும்பம் எப்போதோ சென்னைக்குப் போய்விட்டது. குடோன் மூலையில் கிழிந்த சாக்குகளுக்கு அடியில் அது கிடந்தது. அந்தக் காலத்து இங்கிலீஷ் கார். கூரை கிடையாது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. தரைத்தகடு இருந்த இடத்தில் உமிதான் இருந்தது. நான் தகரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன், அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காருக்கு அடியில் தலையை விட்டிருந்தாள். இடிக்கிறவர்களுக்கு இடம் காலியானால் போதும். தகரத்தோடு அதையும் டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்தோம். வழியெல்லாம் ஜனங்கள் என்னைத்தான் கேலியாக வாழ்த்தினார்கள்.

அப்போதே அவளுக்கு இடது கண் போய்விட்டிருந்தது. சர்க்கரை. அவள் குடும்பத்தில் எல்லோருக்கும் உண்டு, யாரும் அதை ஒரு வியாதியாக மதிப்பதில்லை. வலது கண்ணுக்கு லேசர் வைத்திருந்தார்கள். கார் வந்த கொஞ்ச நாளில் செக்கப்புக்குப் போனபோது டாக்டர் அம்மா மறைக்காமல் சொன்னார்கள்: "இந்தக் கண்ணு இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது. சர்க்கரையை ஏறவிடாதீங்க. பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்துக்கங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சிங்கப்பூரில் இருக்கிற மகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்வாள், இல்லை ஏதாவது கோயிலுக்குப் போக வேண்டும் என்பாள் என்று நினைத்தேன்.

"அப்ப காரைச் சீக்கிரம் முடிக்கணுங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணே போகப்போகுதுங்கறாங்க, உனக்கு அந்த ஓட்டை வண்டிதான் பெருசா?"

"கண்ணு போகப்போகுதுன்னுதான் சொல்றேன். அது முழுசா முடிஞ்சு, பெயிண்ட் அடிச்சு, வெயில்ல நிக்கிறதை ஒரு தடவை பார்த்துடணும். நான் பிரிச்சு நானே சேர்த்ததுன்னு ஒண்ணு இருக்கணும்ல."

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பிள்ளைகளுக்குப் போர்டில் இன்ஜின் வரைந்து காட்டியவள். அதன் பிறகு நான் அதை ஓட்டை என்று சொல்லவில்லை.

இன்ஜின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. பிளக்கைக் கழற்றி உள்ளே டீசலை ஊற்றி ஊற வைத்தாள். தினமும் காலேஜுக்குக் கிளம்பும் முன் புடவைக்கு மேல் என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, பெரிய ஸ்பேனரை மாட்டி ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பாள். அசையாது. மறுபடி டீசல். குறுவை நடவு முடிந்து நான் களையெடுப்புக்கு ஆள் தேடி அலைந்துகொண்டிருந்த ஒரு நாள் போன் வந்தது. "அசைஞ்சுடுச்சுங்க" என்றாள். குழந்தை வயிற்றில் முதன்முதலாக அசைந்தபோது சொன்ன அதே குரல்.

தரைத்தகட்டை, சேற்றில் உழ டிராக்டருக்குக் கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் அடித்துத் தருகிற பட்டறையில் வெட்டி வெல்டிங் வைத்தோம். கேஜ் வீல் மாதிரியே கனமாகத்தான் வைத்துக் கொடுத்தார்கள். பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டினாள். முன் சக்கரத்துக்கு ஒரு வேனிலிருந்து டிஸ்க் பிரேக் எடுத்துப் பொருத்தினாள். போனில் பழைய கார்க்காரர்கள் குரூப் ஒன்று இருந்தது. அசலைக் கெடுத்துவிட்டீர்கள் என்று அதில் ஒருவர் வருத்தப்பட்டு எழுதினார். "அசல் பிரேக்கோட அவரை எங்க ஊர் மதகுல வந்து திரும்பச் சொல்லுங்க" என்று சொல்லி அவள் அந்தக் குரூப்பை விட்டே வெளியே வந்துவிட்டாள். ரப்பர் சாமான்களை மகள் சிங்கப்பூரிலிருந்து அனுப்பினாள். அம்மாவுக்குப் புடவை வாங்கி அனுப்பினால் இந்தச் சந்தோஷம் வராது என்று அவளுக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்ஜின் ஓடியது. சைலன்சர் இன்னும் மாட்டவில்லை. அந்தச் சத்தத்துக்கு வயலில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. ஊரே வந்து வேலியோரம் நின்றது.

பிறகு பாடி வேலை. டிங்கரிங் முடிந்து, பள்ளங்களை நிரப்பப் பட்டி பூசினாள். பட்டி காய்ந்ததும் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். மேடு பள்ளம் தெரியாமல் போகும்வரை தேய்க்க வேண்டும். அது என் வேலை. நான் தேய்த்து முடித்து "ஆச்சு" என்பேன். அவள் பக்கவாட்டில் குனிந்து ஒற்றைக் கண்ணைத் தகட்டுக்கு நேராக வைத்துப் பார்ப்பாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஒரு தடவு. "இங்க பள்ளம் இருக்கு" என்று பென்சிலால் வட்டம் போடுவாள். நான் திட்டிக்கொண்டே மறுபடி தேய்ப்பேன். அவளோடு அத்தனை நேரம் சேர்ந்து உட்கார்ந்திருந்தது கல்யாணமாகி அப்போதுதான். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இப்போது நினைத்தால் அதுதான் வலிக்கிறது.

நிறத்தில் சண்டை வந்தது. நாற்றங்காலில் பறிப்புக்கு முந்தின நாற்று இருக்குமே, அந்தப் பச்சைதான் வேண்டும் என்றாள். சாம்பிளுக்கு ஒரு பிடி நாற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். "இது யூரியா அதிகமா ஏறின பச்சை. விவசாயி வீட்டு வாசல்ல இந்தக் கலர் நின்னா என்னைத்தான் சிரிப்பாங்க" என்றேன். "சிரிக்கட்டும்" என்றாள். கும்பகோணத்திலிருந்து வந்த பெயிண்டர் அந்த நாற்றை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், கலந்து ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவந்து காட்டினார். தகரத் துண்டில் அடித்துப் பார்த்தோம். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, சொல்லவில்லை.

கார்த்திகையில் மழை கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து, பெயிண்டுக்கு அடிப்பூச்சான பிரைமரை அடித்து முடித்தார்கள். பட்டியும் துருவும் வெல்டிங் தழும்பும் மறைந்து, சிலேட்டு மாதிரி ஒரே சாம்பல் நிறமாகக் கார் நின்றது. அடுத்தது பச்சைதான்.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய ஒன்றைச் செய்தோம். தைக்குக் காத்திருந்தோம். யார் சொன்னது என்று கேட்டால் சொல்ல முடியாது. காற்றில் ஈரம் இருக்கும்போது அடித்தால் பெயிண்ட் வெளுத்து, பால் படிந்த மாதிரி ஆகிவிடும் என்று பெயிண்டர் சொன்னார். அது உண்மைதான். மார்கழிப் பனியில் எங்கள் கொட்டகைத் தகரம் விடியும்வரை சொட்டும். ஆனால் நல்ல வெயில் அடித்த நாட்களும் மார்கழியில் இருந்தன. அந்த நாட்களிலும் யாரும் பெயிண்ட் என்று வாயெடுக்கவில்லை. டெல்டாவில் எல்லாம் தைக்குத்தான். அறுவடை, கல்யாணம், வீட்டுக்கு வெள்ளை, ஆஸ்பத்திரி ஆபரேஷன்கூடத் தைக்குத்தான். எதிலும் நாள் பார்க்காதவள் இதில் மட்டும், "தை பொறக்கட்டுங்க, நல்லாச் செய்வோம்" என்றாள். அவசரப்பட்டவளே பொறுத்துக்கொண்டபோது நான் என்ன சொல்ல? வாரக்கணக்குதானே என்று எல்லோருக்கும் எண்ணம்.

மார்கழி பாதியில், காலையில் கொட்டகையிலிருந்து கூப்பிட்டாள். சத்தம் போட்டுக்கூட இல்லை.

"ஏங்க, கண்ணுக்குள்ள மை ஓடுதுங்க."

நான் ஓடிப்போனபோது காரின் மூக்கில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். கருப்புக் கருப்பாக இழை இறங்குகிறது என்றாள். பிறகு புகை மாதிரி என்றாள். தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள், "நீங்க என்ன சட்டை போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். ரத்தக்குழாய் உடைந்துவிட்டது, விழித்திரையும் கழன்றுவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள், மறுபடியும் செய்தார்கள். மகள் வந்தாள், அழுதாள், போனாள். கடைசியில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும், உருவம் தெரியாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றதையெல்லாம் எழுத எனக்கு மனசில்லை.

அதற்குள் தை பிறந்து பாதி போயிருந்தது. அந்த வருஷம் தையில் அடித்த வெயிலை நான் மன்னிக்கவே மாட்டேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வயலெல்லாம் முற்றிப் பொன்னாக நின்றது. அறுவடை மிஷின்காரர் வாசலில் காத்திருக்கும்போது பெயிண்டர் போன் செய்தார். அவருக்கு விஷயம் தெரியும், குரல் தயங்கியது. "சார், பெயிண்ட் கலந்து ரெடியா இருக்கு. வந்துடவா? மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

உள்ளே போய்ச் சொன்னேன். நீ நினைத்த பச்சையையே அடித்துவிடலாம், எல்லோரும் பார்த்துச் சொல்வார்கள், உனக்கும் ஆறுதலாக இருக்கும் என்று ஏதேதோ சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

"வேணாங்க."

"ஏம்மா? அதுக்குத்தானே இவ்வளவும்."

"நான் பார்த்தது சாம்பல் கலர்லதான். கண்ணை மூடினா அதுதான் நிக்குது. பச்சை அடிச்சுட்டீங்கன்னா அது நீங்கள்லாம் பார்க்கிற வண்டி. எனக்குத் தெரியாத வண்டி."

அவளுக்கு இனிக் கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். அது சட்டென்று உறைத்தது. பேச்சை மாற்றப் பார்த்தேன். "பிரைமரோட விட்டா ஈரம் இறங்கும், துரு பிடிக்கும்னு நீதானே சொல்லிக்குடுத்த?"

"தெரியும்."

"பெயிண்டர் கிளியர் கோட்டாவது அடிச்சுக்கலாங்கறார். கலர் மாறாது."

"வழவழன்னு ஆயிடும். இப்ப தொட்டா கையில புடிக்குது. அது எனக்கு வேணும். விடுங்களேன்" என்றாள்.

பெயிண்டருக்கு நான் போன் செய்யவில்லை. அவரும் அதன் பிறகு கேட்கவில்லை.

கார் ஓடுகிறது. சாயங்காலங்களில் நான் ஓட்டுவேன், அவள் பக்கத்தில் உட்காருவாள். ஆற்றங்கரை ரோட்டில் மதகுவரை போய்த் திரும்புவோம். கியர் மாற்றுவதில் நான் டிராக்டர்காரன்தான். "இன்ஜின் திணறுது, காதுல விழலையா?" என்று திட்டுவாள். அந்தத் திட்டுக்காகவே சில நாள் வேண்டுமென்று தப்பாக மாற்றுவேன். எதிரே வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "எப்ப சார் பெயிண்ட்?" என்று கேட்பார்கள். முதலில் விளக்கம் சொன்னேன், பிறகு எரிந்து விழுந்தேன், இப்போது "தை வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். அவர்களும் தலையாட்டுவார்கள், யாருக்கும் அதில் தப்பாக எதுவும் படுவதில்லை. அவள் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

போன ஐப்பசி மழை பெரிய மழை. அது விட்ட பிறகு கதவுக்கு அடியில் ஒரு துருப் புள்ளியைப் பார்த்தேன். மறுநாள் பார்த்தபோது அது கொஞ்சம் புடைத்திருந்தது. அவளிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் அதைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் திரும்பி வந்து இறங்கும்போது வழக்கம்போலக் கதவைத் தடவிக்கொண்டே இறங்கினாள். கை அடியில் போய் நின்றுவிட்டது. பட்டி வேலையில் பள்ளம் தேடிய அதே விரல்கள். திரும்பத் திரும்ப அந்த இடத்தையே தடவின.

"இது எப்ப வந்துச்சு?"

"மழையிலதான்."

"ஏன் சொல்லல?"

திட்டுவாள், இல்லை அழுவாள் என்று நின்றேன். அவள் மெல்லக் கீழே உட்கார்ந்தாள். விரலை எடுக்கவில்லை.

"என்ன கலர்ங்க?"

"துரு கலர்தான்."

"அப்படிச் சொல்லாதீங்க. பார்த்துச் சொல்லுங்க. பழைய துருவெல்லாம் நான் பார்த்ததுதான், இப்ப அந்த வண்டியில நான் பார்க்காத கலர் இது ஒண்ணுதான்."

ஈரத்தரையில் அவள் பக்கத்தில் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தேன். நடுவில் கறுப்பு, அதைச் சுற்றிச் செங்கல் நிறம், ஓரத்தில் மஞ்சள் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் முகத்தைக் கதவுக்கு நேராக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னால் தொடர்ந்து சொல்ல முடியவில்லை. அவள் காத்திருந்தாள்.