தையலுக்கு அரை இஞ்ச்

தெருவில் எல்லோருக்கும் அவள் இஞ்ச் டேப் அக்கா. கழுத்தில் டேப் தொங்காமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. பால் வாங்கப் போனாலும் டேப், மகளின் கல்லூரியில் கையெழுத்துப் போடப் போனாலும் டேப். ஒருமுறை பேங்கில் ஏதோ யோசனையாக நின்றவள், கவுன்டர் கண்ணாடியின் அகலத்தை அளந்து முடித்துவிட்டாள். காவலாளி ஓடி வந்து என்னம்மா பண்றீங்க என்று கேட்ட பிறகுதான் தன்னினைவு வந்தது.

இருபத்திரண்டு வருடமாக அவளுடைய தையல் கடை ஒரு பழைய வணிகக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கடை என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். மெஷின், ஒரு ஸ்டூல், துணி அடுக்க ஒரு பலகை, தலைக்கு மேலே சரிந்து இறங்கும் படிகள், அவ்வளவுதான். ஒரு பக்கம் சுவர் என்பதால், அளவு கொடுக்க வருகிறவர்கள் முதலில் வலது கையை நடைபாதைப் பக்கம் நீட்ட வேண்டும். அதை எழுதிக்கொண்ட பிறகு, திரும்பி நின்று இடது கையை நீட்ட வேண்டும். போகிற வருகிறவர்கள் அந்தக் கையில் இடித்துவிட்டு முறைத்துக்கொண்டு போவார்கள். இரண்டு கையையும் ஒன்றாக நீட்டச் சொல்லும் பாக்கியம் அவளுக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு அவளும் பஸ் டிரைவரான அவள் கணவரும் ஒரு வீடு வாங்கினார்கள். ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய நாகரிகத்தில் கட்டிய வீடு. முன்பக்கம் அரைவட்டமாக வயிறு தள்ளிய ஒரு அறை, அதன் தலையில் அதே வளைவில் ஒரு பால்கனி, மாடிச் சுவரில் கப்பல் ஜன்னல் போல வட்டக் கண்ணாடி, குளியலறையில் கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிற டைல்ஸ், சுவரெல்லாம் கறுப்புக் குமிழ் சுவிட்சுகள்.

"பழைய படத்துல வில்லன் தங்குற வீடு மாதிரி இருக்கு அண்ணி," என்றான் கொழுந்தன். கணவரின் தம்பி, ஆஸ்பத்திரி ஒன்றில் எலக்ட்ரீஷியன்.

"வில்லன்தானே எப்பவும் நல்ல வீட்ல இருப்பான்," என்றாள் அவள்.

ஆள் வைத்துச் செய்ய வசதி இல்லை என்பது பாதிக் காரணம். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கை சும்மா இருக்காது என்பது மீதி. விடுமுறை கிடைத்தால் போதும், காலைக் காப்பி ஆறுவதற்குள் யாராவது ஒருவர் எதையாவது கழற்றத் தொடங்கியிருப்பார். கொழுந்தன் வயரிங்கை மொத்தமாக மாற்றினான், ஆனால் குமிழ் சுவிட்சுகளின் முகத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டான். டிரைவர் வாசல் கதவைச் சுரண்டினார். ஏழு அடுக்கு பெயின்ட் வந்தது, ஒவ்வொன்றும் ஒரு நிறம்; அடுத்தது என்ன நிறம் என்று வீட்டில் பந்தயமே நடந்தது. நர்சிங் முதல் வருடம் படிக்கும் மகள் ரோஸ் டைல்ஸைப் பழைய பல்தேய்ப்பானால் தேய்த்துப் பளபளப்பாக்கி, இந்த நிறம்தான் இப்போது ஃபேஷன் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இஞ்ச் டேப் அக்காவோ எதற்கும் முதலில் பிரவுன் பேப்பரில் அச்சு வெட்டுவாள். இதுவரை அவள் வெட்டியதெல்லாம் திரைக்கும் மெத்தை உறைக்கும்தான், ஒன்றுகூடத் தப்பியதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கட்டடக்காரர் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார். படிக்கட்டை இடித்து லிஃப்ட் வைக்கப்போகிறார்களாம். மாதக் கடைசிக்குள் அவள் காலி செய்ய வேண்டும்.

அவள் கலங்குவாள் என்று வீட்டில் எல்லோரும் ஆறுதல் வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தார்கள். அவளோ நேராகப் போய் அரைவட்ட அறையின் நடுவில் நின்று நாலாபக்கமும் அளந்துவிட்டு வந்தாள். ஏழு ஜன்னல், காலை முழுக்க வெளிச்சம். "கடை இங்கதான்," என்றாள். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் தரைதான் பிரச்சினை. யாரோ எப்போதோ பழுப்பு நிறப் பிளாஸ்டிக் விரிப்பைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அது அங்கங்கே உப்பிக் கிழிந்து கிடந்தது. டிரைவர் மளமளவென்று டைல்ஸ் வாங்கி வராந்தாவில் அடுக்கிவிட்டு, டைல்ஸ்காரரிடமும் பேசிவிட்டார். இரண்டு வாரம் கழித்து வருகிற திங்கட்கிழமை தொடங்கும் அந்த ஒரு வாரம்தான் டைல்ஸ்காரருக்கு ஓய்வு. அதை விட்டால் இரண்டு மாதம் வேறு ஊரில் வேலை.

சனிக்கிழமை விரிப்பை உரித்தார்கள். அடியில் கறுப்பாகப் பசை. மகள் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒரு மூலையைத் துடைத்தாள்.

"அம்மா, இங்க ஏதோ மஞ்சளா இருக்கு."

அவ்வளவுதான். நான்கு பேரும் முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார்கள். டிரைவர் ஒரு பக்கம், கொழுந்தன் ஒரு பக்கம். சுரண்டச் சுரண்ட மஞ்சள் பட்டையாக நீண்டது, அதன் பக்கத்தில் பச்சை, மறுபடி மஞ்சள். மத்தியானச் சாப்பாடு யாருக்கும் ஞாபகம் இல்லை. சாயங்காலம் மகள் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டியதும் மொத்தத் தரையும் எழுந்து வந்தது. மொசைக் தரை. நடுவிலிருந்து சுவர் வரைக்கும் எட்டுக் கதிர் விரித்த ஒரு சூரியன்.

நடுவில் மட்டும் இரண்டடி அகலத்துக்குச் சாம்பல் நிறச் சிமென்ட் ஒட்டு. அதற்கும் விளக்கம் கிடைத்தது. வீட்டை விற்றவர் பல் டாக்டர். இந்த அறைதான் அவருடைய கிளினிக். நாற்காலியை முடுக்கவும் தண்ணீர்க் குழாய் விடவும் தரையைத் தோண்டியிருக்கிறார்.

"ஊர்ப் பல்லெல்லாம் புடுங்கினது பத்தாதுன்னு சூரியனுக்கும் ஒண்ணு புடுங்கிட்டாரு," என்றான் கொழுந்தன்.

அவள் சிரிக்கவில்லை. சூரியனை மூன்று சுற்றுச் சுற்றி வந்தாள். "இந்தத் தரை மேலதாங்க நான் மெஷின் போடுவேன்," என்றாள்.

"நடு முகத்துல இவ்ளோ பெரிய ஓட்டையோடயா?" என்றார் டிரைவர். "கடைக்கு வர்றவங்க தடுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது? மாசக் கடைசி நெருங்குது. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓட்டையை அடைச்சிட்டா தரை உன்னோடது. இல்லன்னா திங்கக்கிழமை டைல்ஸ். பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்," என்றாள் அவள். அன்று ராத்திரியே பிரவுன் பேப்பர்ச் சுருளை எடுத்து வைத்தாள்.

மறுநாளே வேலை தொடங்கியது. கொழுந்தன் உளி வைத்து ஒட்டுச் சிமென்ட்டைச் சுத்தமாக வட்டமாக எடுத்தான். அவள் பிரவுன் பேப்பரை ஓட்டையின் மேல் விரித்து, கதிர்களின் கோட்டை நடுப்புள்ளி வரைக்கும் நீட்டி, எட்டுத் துண்டாக அச்சு வெட்டினாள். குடைப் பாவாடைக்கு வெட்டுகிற மாதிரிதான். கண்ணை மூடிக்கொண்டே வெட்டுவாள். அவள் அச்சின்படி கொழுந்தன் தகரப் பட்டையை வளைத்து எட்டு வார்ப்புச் சட்டம் செய்தான். வெள்ளைச் சிமென்ட், மஞ்சள் பொடி, பச்சைப் பொடி, சலவைக்கல் சில்லு எல்லாம் கலந்து ஊற்றினார்கள். மறுநாள் சட்டத்தைக் கழற்றித் துண்டுகளைத் தொட்டியில் ஊறப்போட்டார்கள். அந்த வாரம் முழுக்க, வேலையிலிருந்து வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும் முன் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். தரைப் பக்கம் யாராவது ஸ்க்ரூ டிரைவரோடு போனால் அவள் அலறினாள்.

சனிக்கிழமை காலை எட்டுத் துண்டையும் ஓட்டைக்குப் பக்கத்தில் அடுக்கிப் பார்த்தார்கள். முழு வட்டம், இம்மி பிசகவில்லை. மகள் கைதட்டினாள். டிரைவர்கூட, "பரவாயில்லையே," என்றார்.

பிறகு ஓட்டைக்குள் இறக்கினார்கள். முதல் துண்டே உட்காரவில்லை. கொழுந்தன் திருப்பிப் போட்டுப் பார்த்தான், வேறு துண்டை வைத்துப் பார்த்தான். எதுவும் இறங்குவதாக இல்லை. வட்டம் சரியான வட்டம்தான், ஆனால் சுற்றிலும் ஏறக்குறைய இரண்டு இஞ்ச் பெரிது.

மகள் பிரவுன் பேப்பர் அச்சை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "அம்மா, இதுல ஏன் ரெண்டு ரெண்டு கோடா இருக்கு?"

"உள்ள இருக்கறது தையல் கோடு. வெளிய இருக்கறது வெட்டுற கோடு. தையலுக்கு எல்லாப் பக்கமும் அரை இஞ்ச் விட்டு..." என்றவள் வாயை அப்படியே மூடிக்கொண்டாள்.

டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிரிப்பில் அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "நாளைக்குத் தரை குண்டாயிட்டா பிரிச்சு லூஸ் பண்ணிக்கலாம்னு விட்டியா?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். இருபத்திரண்டு வருடமாகக் கை தானாகச் செய்கிற வேலை. மூளை இதெல்லாம் சிமென்ட் என்று எடுத்துச் சொல்லவே இல்லை. எட்டுத் துண்டிலும் பக்கத்துக்குப் பக்கம் விட்ட அரை இஞ்செல்லாம் சேர்ந்து வட்டத்தை இரண்டு இஞ்ச் வெளியே தள்ளியிருந்தது.

"துண்டைத் தேய்ச்சுக் குறைச்சிடலாம் அண்ணி," என்று கொழுந்தன் கிரைண்டரை எடுத்தான். ஒரு மஞ்சள் துண்டின் ஓரத்தில் வைத்தான். சில்லுகள் தெறித்தன. பாதி தூரம் போவதற்குள் துண்டு மூன்றாக உடைந்து விழுந்தது.

டிரைவரின் கண் வராந்தாவில் அடுக்கியிருந்த டைல்ஸ் பக்கம் போனதை அவள் பார்த்தாள். இன்னொரு முறை வார்த்து ஊறவைக்க நாள் இல்லை. கழுத்திலிருந்து டேப்பை எடுத்தாள். ஓட்டையின் நடுவில் ஒரு ஆணியை வைத்து அதில் டேப்பை மாட்டி, மறுமுனையில் துணிக்குக் கோடு போடும் சாக்பீஸைப் பிடித்து, நல்ல தரையின் மேல் பெரிய வட்டம் ஒன்று போட்டாள்.

"தரையை வெட்டிடலாம்," என்றாள்.

கொழுந்தன் கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டான். "என்னால முடியாது அண்ணி. கை வராது."

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் டிரைவர். "இவ்ளோ வருஷம் பொழச்சுக் கெடந்த தரை. இதைப் போய் வெட்டுறேங்கிற?"

"திங்கக்கிழமை மொத்தமா மூடப் போறவரு, ரெண்டு இஞ்சுக்கு ஏங்க இப்படிப் பதறுறீங்க?"

டிரைவர் மகளைப் பார்த்தார், மகள் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள். அவருக்கும் அந்தத் தரை மேல் ஆசை வந்துவிட்டது என்று அப்போதுதான் எல்லோருக்கும் வெளிச்சமாயிற்று.

கிரைண்டரை அவளே எடுத்தாள். மகள் குவளையால் தண்ணீர் ஊற்ற, கொழுந்தன் வயரைத் தூக்கிப் பிடிக்க, டிரைவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்க, சாக்பீஸ் கோட்டின் மேலேயே ஓட்டினாள். கை, விலை உயர்ந்த பட்டில் ஓடுகிற கத்தரி போலப் பிசகாமல் ஓடியது. சுற்று முடிந்து, வெட்டிய ஓரத்தை எடுத்தார்கள். ஏழு துண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன.

எட்டாவது இடம் காலி. அதை அங்கேயே ஊற்றிவிடலாம் என்றான் கொழுந்தன். சிமென்ட் இருந்தது, பொடி இருந்தது, ஆனால் சலவைக்கல் சில்லு ஒரு பிடிதான் மிச்சம். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கி வெறுங்கையோடு திரும்பினான்.

அவள் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தாள். வாடிக்கையாளர்கள் மாற்றச் சொன்ன சட்டைகளிலிருந்து கழற்றிய சிப்பிப் பொத்தான்கள், இருபத்திரண்டு வருடத்தின் சேமிப்பு. டப்பாவை அப்படியே கலவையில் கவிழ்த்தாள்.

"அம்மா, மொத்தமுமா?"

"பின்ன, படிக்கட்டுக்கடியில வெச்சுப் பூட்டிக்கவா?"

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தத் துண்டு ஈரச் சாக்குக்குக் கீழே கிடந்தது. திங்கட்கிழமை காலை டைல்ஸ்காரர் பையோடு வந்து நின்றார். அவள் வாசலுக்கு ஓடுவதற்குள் டிரைவர் போய்விட்டார். டைல்ஸ்காரரைக் கையைப் பிடிக்காத குறையாக அறைக்குள் கூட்டிவந்து, சாக்கைத் தூக்கிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டினார். சூரியன் எழுந்து வந்தது. டைல்ஸ்காரர் பையைக் கீழே வைத்தார்.

"இதையா மூடச் சொல்லி என்னைக் கூப்பிட்டீங்க?"

"யாரு சொன்னா?" என்றார் டிரைவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "டைல்ஸ் பின்னாடி நடைக்குத்தான் வாங்கினேன்."

"போன்ல முன்ரூம்னுதான..."

"அப்ப சொன்னது அப்பங்க."

டைல்ஸ்காரர் குனிந்து எட்டாவது துண்டை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். "இந்த வாரம் பின்னாடி வேலையை முடிச்சிடறேன். அதுவரைக்கும் இங்க ஈரம் காயக் கூடாது. கடைசி நாள் பாலீஷ் மெஷின் கொண்டாறேன். எனக்கும் இப்படி ஒரு தரையைத் தேய்ச்சு ரொம்ப வருஷமாச்சு."

மெஷின் ஓடி முடித்து, கடைசிச் சேற்றையும் வழித்தெடுத்தபோது, எட்டாவது கதிரில் மட்டும் நூற்றுக்கணக்கான சிப்பிப் பொத்தான்கள் நாலு நாலு ஓட்டையோடு மின்னிக்கொண்டிருந்தன. கொழுந்தன் தரையில் படுத்துப் பார்த்தான். மகள் ஐம்பது படம் எடுத்தாள்.

மாதக் கடைசியில் ஒரு சின்ன வண்டியில் தையல் மெஷின் வந்து இறங்கியது. அவள் அதை ஜன்னலோரம் போட்டு, எண்ணெய் விட்டு, நூல் கோத்துவிட்டு நிமிர்ந்தாள். டிரைவர் ஒரு காக்கித் துணியோடு வந்து சூரியனின் நடுவில் நின்றார்.

"புது யூனிஃபார்ம் தைக்கணும். மொத அளவு எனக்கு எடு."

அவள் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள். பழக்க தோஷத்தில், "வலது கையை மட்டும்..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"ரெண்டு கையையும் நீட்டுங்க," என்றாள்.

அவர் நீட்டினார். எந்தச் சுவரும் இடிக்கவில்லை.