கன்னிக்கு எடுத்த தாவணி

எங்கள் வீட்டில் கன்னி உண்டு. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதும் ஒரு மிதப்புதான். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் வேறு எந்த வீட்டிலும் இப்படி வருஷம் தவறாமல் படையல் போடுவதில்லை. என் மாமனாரின் தங்கை அவள். எட்டு வயதில் காய்ச்சலில் போனவள், தெய்வமாக நின்று குடும்பத்தைக் காக்கிறாள் என்று சொல்லித்தான் என் மாமியார் அந்தப் பொறுப்பை என் கையில் கொடுத்தாள்.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொருந்துகிற பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன், சீப்பு, சர்க்கரைப் பொங்கல். அன்றைக்கு மட்டும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடப் படையலில் சேரக்கூடாது. தெருக்குழாயில் பிடித்துக் குடத்தில் கொண்டு வருவேன். மோட்டார் போட்டு மாடிக்கெல்லாம் கிணற்றுத் தண்ணீர் ஏறுகிற காலத்திலும் நான் சுமந்தேன். ஏன் என்று நானும் மாமியாரைக் கேட்கவில்லை. யாராவது என்னைக் கேட்டால், "எங்க கன்னிக்கு அவ்வளவு சுத்தம் வேணும்" என்பேன்.

படையல் முடிந்ததும் அந்தப் பாவாடையை ஒரு பெண்பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம். மாடியில் குடியிருக்கிற டீச்சரின் மகள் சின்னவளாக இருந்தபோது அவளுக்குத்தான் கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கி ஆடினாள். இப்போது பதினோராம் வகுப்பு படிக்கிறாள்.

போன வருஷம் இரண்டு இளம்பெண்கள் வீடு தேடி வந்தார்கள். பழைய வீடுகளைப் படமாக வரைகிறோம் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. காபி போட்டுக் கொடுத்து, தூண், அடுக்களை, பின்கட்டுக் கிணறு எல்லாம் காட்டினேன். கிணற்றுத் தூண் ஒன்று மேலே வெடித்து இரும்புப் பட்டை போட்டிருக்கும். அதைக்கூடத் தொட்டுக் காட்டினேன். கன்னியைப் பற்றியும் தெருக்குழாய்த் தண்ணீரைப் பற்றியும் நானாகத்தான் சொன்னேன். அப்போது அவர்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். என் பேச்சில் அசந்துபோனார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகை மாதத்தில் ஒரு சாயங்காலம் டீச்சர் மகள் நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வயசுப் பிள்ளைகள் படிக்கிறதற்கென்று போட்டதாம். எல்லாம் நிஜமாக நடந்த கொலைகள். கட்டம் கட்டமாகப் படம், பேசுவதெல்லாம் வட்டத்துக்குள் எழுத்து.

"ஆச்சி, இது நம்ம கெணறுதான? தூண்ல பட்டைகூட இருக்கு பாருங்க."

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். படம் பார்க்க எழுத்து எதற்கு? உச்சி வெயில். தாவணி போட்ட ஒரு பெண். கையில் துணிமூட்டை, புறப்படத் தயாராக நிற்கிறாள். அடுத்த கட்டத்தில் அவள் அப்பன். அதற்கடுத்த கட்டத்தில் மீசை அரும்பின ஒரு பையன் பின்கட்டுக் கதவைச் சாத்துகிறான். எங்கள் வீட்டுச் சுவரில் மாமனாரின் வாலிப வயசுப் போட்டோ இருக்கிறது. அதே நெற்றி. அப்புறம் கிணறு. தண்ணீரில் வளையம் வளையமாக வெறும் கோடு. ரத்தமே கிடையாது.

"பதினேழு வயசாம் ஆச்சி. பனவடலிசத்திரத்துப் பையனோட போகப் பாத்திருக்கா. அந்தப் பையன் வீட்டு ஆளுக இப்பவும் சொல்லுதாங்களாம். பேரை மட்டும் மாத்திப் போட்டிருக்காங்க."

கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ஒரு கிழவி தெருக்குழாயிலிருந்து குடம் சுமந்து வருகிறாள். இரண்டு பக்கமும் மூக்குத்தி. நான்.

"அடியில என்னட்டி எழுதியிருக்கு?"

"'இவளுக்குத் தெரியுமா?'ன்னு போட்டிருக்கு."

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த நொடியில் தெரிந்துபோயிற்று. பிணம் கிடந்த தண்ணீரைச் செத்தவளுக்கே எப்படிப் படைப்பது? நான் சுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். அந்த நிமிஷத்தில் நான் ஒரு சொல் அவளுக்காகச் சொல்லியிருக்கலாம். நான் புத்தகத்தைத் தள்ளிவிட்டேன்.

"பச்சைப் பொய்! கொலையும் களவாணித்தனமும்தான் பொம்பளப்புள்ள படிக்குத புஸ்தகமாட்டி? கெட்டுக் குட்டிச்சுவராப் போவ."

"கோயில் கொடையில வில்லுப்பாட்டுல கொலைக் கதைதான படிக்காங்க? முன்னாடி உக்காந்து கேக்கதெல்லாம் பச்சப்புள்ளைகதான? நீங்களே என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க."

"அது சாமி கதை."

"இதுவும் உங்க சாமி கதைதான் ஆச்சி. பொய்யின்னா கெணத்துத் தண்ணி ஏன் ஆவாது? சொல்லுங்க."

அவள் கேட்டது நியாயம். அந்த ஆத்திரத்தில் முட்டுவலியையும் பாராமல் மாடி ஏறினேன்.

"டீச்சர், ஊர்ப்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துதீங்க. ஒங்க பிள்ளை காதல், ஓட்டம், கொலைன்னு படிச்சிட்டு அலையுதா. கேக்க ஆள் இல்லையா?"

ஓட்டம் என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டேன். அது தைக்கும் என்று எனக்குத் தெரியும். டீச்சர் என் கண் முன்னாலேயே பிள்ளையைக் கன்னத்தில் அறைந்தார். "இனிமே நூலகம் பக்கம் போ, காலை ஒடிக்கேன்" என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். பிள்ளை அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அழவில்லை. கதவோரம் அவள் நின்ற நிற்பு அந்தப் படத்திலிருந்த பெண்ணின் நிற்பு போலவே இருந்தது. கதவைச் சாத்தின கை இந்த முறை யாருடையது என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. டீச்சரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று பல தடவை முதல் படிவரைக்கும் போனேன். சொன்னால் வீட்டுப் பேர் என்னாவது?

தை பிறந்தது. ஜவுளிக்கடையில் வழக்கம்போலச் சின்னப் பாவாடைகளை எடுத்துப் போட்டார்கள். தொட மனசு வரவில்லை. இத்தனை வருஷமும் பதினேழு வயசுப் பெண்ணுக்கு இந்தத் துண்டுத் துணியை வைத்துவிட்டு, நல்லாயிரு தாயே என்று விழுந்து கும்பிட்டிருக்கிறேன்.

"தாவணி செட்டு காட்டுங்க அண்ணாச்சி."

"பேத்திக்கா ஆச்சி? என்ன வயசு?"

"பதினேழு" என்றேன். யாருக்கு என்பதற்குப் பதில் சொல்லவில்லை. அரக்குப் பாவாடையும் மஞ்சள் தாவணியும் எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை படையலைப் பரப்பி வைத்தேன். சூடம் காட்டி முடிந்ததும் துணியை வாங்கிக்கொள்ள டீச்சர் மகளைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கிற வாய் எனக்கு இல்லை. துணியைப் பார்த்து அவளாகவே புரிந்துகொள்வாள் என்று இருந்தேன். டீச்சர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இறங்கி வந்தாள். தாவணியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. மெதுவாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

அந்த நேரம் பார்த்து என் மகன் குனிந்து துணியை விரித்தான்.

"என்னம்மா இது, கொமரிப்பிள்ளை தாவணி? நம்ம கன்னி எட்டு வயசுல்லா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மகன், மருமகள், டீச்சர். சுவரில் மாமனார். நெஞ்சு வரைக்கும் வந்தது அந்தச் சொல்.

"கடையில சின்னது இல்லைன்னுட்டான்" என்றேன்.

மகன் சரி என்று பொங்கல் பக்கம் போய்விட்டான். பிள்ளை தாவணியை எடுத்து, மடிப்புக் கலையாமல் மடித்து, வளையலுக்குப் பக்கத்தில் திரும்ப வைத்தாள்.

"அவளுக்குன்னு எடுத்திருந்தா வாங்கியிருப்பேன் ஆச்சி" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

தாவணி என் பீரோவில் இருக்கிறது. புடவை எடுக்கும்போதெல்லாம் மஞ்சள் ஓரம் தெரிகிறது. வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறாள் மருமகள். நான் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன்.